இரிங்க, கூட்டியாந்துர்றேன்

முன்னூற்றிரண்டாம் வீட்டு லாத்தா உட்கார்ந்திருக்கிற இடத்தில் யாரையும் நிம்மதியாகக் குறை சொல்லிவிட முடியாது. ஓர் அடுக்குமாடி வாழ்க்கையில் இதைவிடப் பெரிய கொடுமை உண்டா என்று நான் பல நாள் நொந்துகொண்டிருக்கிறேன். குவைத்தில், அப்பாசியாவில், வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற மாதங்களில், நாலு பெண்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு கூடி உட்கார்ந்தால் வேறு என்னதான் செய்வார்கள்? பகவத் விஷயமா பேசுவார்கள்?

லாத்தா என்றால் அவர்கள் பக்கத்தில் அக்கா. ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர். கணவருக்கு அடுத்த தெருவில் கர்ட்டன் துணிக் கடை. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் லாத்தா என்று கூப்பிட, நாங்களும் லாத்தா என்றோம். மலையாளிகளும் லாத்தா என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த நானும் சொல்லப் போவதில்லை.

நான் திருச்சியிலிருந்து வந்து இறங்கிய புதிது. ஒரு நாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சுக்குப் பேச்சு என்று சும்மா சொன்னேன்.

"காலங்காத்தால மேல என்னத்தையோ போட்டு இழுக்கறாங்க லாத்தா. கட்டில வச்சுக் கபடி ஆடறாங்க போல."

"யாரு?"

"மேல் வீட்டு டீச்சர்தான்."

லாத்தா டீ டம்ளர் மேல் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்தார். "இரிங்க, கூட்டியாந்துர்றேன்" என்று எழுந்து போனார். நான் தமாஷ் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மலையாளத்து டீச்சர் நைட்டியோடும், மீன் கழுவிய ஈரக் கையோடும் என் வாசலில் நிற்கிறார். லாத்தா என்னைப் பார்த்து, "இப்பச் சொல்லு, என்னமோ கபடின்னியே" என்றார்.

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுகிறார், காலையில்தான் அவருக்குத் தெம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறமும் சத்தம் நிற்கவில்லை. ஆனால் அதைக் குறை சொல்லிக் காலை நேரத்தைத் தொடங்குகிற சுகம் எனக்கு ஒரேயடியாகப் போய்விட்டது. அந்தச் சத்தம் கேட்கவில்லையென்றால் கிழவிக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்படுகிற கூடுதல் வேலையும் வந்து சேர்ந்தது.

இதுதான் லாத்தா. ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசினால் அவருக்கு உடம்பே கூசும். புத்திமதி சொல்ல மாட்டார். "அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டாலும் காதில் வாங்காமல் இருந்துவிடலாம். இவர் நேராகப் போய் ஆளையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிடுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பிப் போடுவார், கிளம்ப வசதியாக. வீட்டில் கருப்பு அபாயா கதவுக்குப் பின்னாலேயே தொங்கும்; ஒரே வீச்சில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவார். எந்த டீயையும் அவர் முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் லாத்தா விட்டுப்போன டீ ஆறிக் கிடந்திருக்கிறது.

ஆள் ஊரில் இருக்கிறார் என்றால் தப்பித்தோமா? அதுவும் இல்லை. ஒரு தடவை என் நாத்தனார் எங்கள் நிச்சயதார்த்தத்தில் செய்த கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நம்பரச் சொல்லு, வீடியோ கால் போடுவோம்" என்று போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் என் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் கணவரிடம் ஒரு முறை கேட்டேன். "எப்படி பாய் சமாளிக்கறீங்க?"

பாய் அதிகம் பேசாத மனிதர். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுல நான் யாரப் பத்தியும் வாயத் தொறக்கறதில்லம்மா. பேசணும்னா கடைக்குப் போயிருவேன்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இந்த நிலைமையில்தான் குமரேசன் சார் கூட்டம் போட ஆரம்பித்தார். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர், கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். அவருடைய மகள் நிறம் கொஞ்சம் கம்மி. ஆண்டு விழா நடனத்தில் குழந்தையைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, முகத்தில் வெள்ளையாக எதையோ அப்பி விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பெண் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்து மனிதர் உடைந்துபோய்விட்டார். "நாம பேசோணுமுங்க. மனசத் தொறந்து பேசுனாத்தான் மாறும்" என்றார். தரைத்தளத்து டியூஷன் சென்டரில் மாதாமாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். பலகையில் "நிறம், நாடு, நாம்" என்று எழுதியிருந்தது. சமோசா உண்டு.

முதல் கூட்டம் களைகட்டியது. வெள்ளைக்காரனுக்கு ஒரு சம்பளம், அதே வேலைக்கு நமக்கு ஒரு சம்பளம். நம்மைப் பார்த்தால் மட்டும் கடைக்காரனுக்கு ஒருமை வருகிறது. எல்லாம் உண்மைதான், எல்லோரும் பட்டதுதான். நமக்கு நடந்ததைச் சொல்லும்போது யாருக்கும் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. கட்டடக் காவலர், இங்கே ஹாரிஸ் என்பார்கள், அந்த எகிப்துக்காரர் கூட அரபிக் குடும்பங்களுக்கு ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறார், நம்மைப் பார்த்தால் போனையே நோண்டுகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

சொன்னவர் வாயை மூடுவதற்குள் லாத்தா எழுந்துவிட்டார். "இரிங்க, கூட்டியாந்துர்றேன்."

ஹாரிஸ் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரோடு ஓடிவந்தார். எல்லோரும் ஒரே குரலில் "மாஃபி முஷ்கிலா, மாஃபி முஷ்கிலா", பிரச்சினை ஒன்றுமில்லை என்று கும்பிட்டு, அவரை உட்கார வைத்து, டீயும் சமோசாவும் கொடுத்தோம். குறை சொன்னவர்தான் முதலில் தட்டை நீட்டினார். அதிலிருந்து ஹாரிஸ் எந்தக் கூட்டத்தையும் தவறவிடவில்லை. தமிழ் ஒரு சொல் புரியாது. ஆனாலும் முதல் ஆளாக வந்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சமோசாவுக்கு இப்படி ஒரு சமத்துவம்.

சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அல்மாஸ் விஷயம் வந்தது.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வேனில் ஹெல்ப்பராக இருந்தாள் அல்மாஸ். எத்தியோப்பியப் பெண். நல்ல உயரம், நல்ல கருப்பு, பின்னிப் பின்னி முடிந்த கூந்தல். அவள் விசா வேன்காரர் கையில் இருந்தது. அவர் வேண்டாம் என்றால், விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல் என்பார்கள், ரத்து செய்துவிடுவார். ரத்தானால் ஊருக்குத்தான் போக வேண்டும். அவள் ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெற்ற தாயே போன் செய்து இப்போது வந்துவிடாதே என்று அழுகிறாள் என்று என்னிடமே ஒரு காலையில் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாம் மாடி சுபாவின் பையன் அந்த வருஷம்தான் எல்கேஜி சேர்ந்திருந்தான். வேனில் ஏறும்போதெல்லாம் ஊரைக் கூட்டி அழுதான்.

"நான் கலர் பாக்கறவ இல்ல சார், உங்களுக்கே தெரியும்" என்று கூட்டத்தில் சுபா ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. "ஆனா குழந்த பயப்படறானே. நம்ம பாஷ தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்ல? வேன்காரர்கிட்ட எல்லாரும் சேந்து சொல்லலாம்னு பாக்கறேன்."

"எல்கேஜி பசங்க யாரப் பாத்தாலும்தான் அழும் சுபா. என் பையன் என்னைப் பாத்தே அழுதிருக்கான்" என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் பாதுகாப்பு என்றார், ஒருவர் வசதி என்றார், ஒருவர் குழந்தையின் மனநலம் என்றார். கருப்பு என்கிற வார்த்தையை யாரும் மறந்தும் சொல்லவில்லை. குமரேசன் சார் நெளிந்துகொண்டு, "ரெண்டு பக்கமும் பாக்கோணுமுங்க" என்றார். ஆக, நிறபேதம் ஒழிப்பதற்காகக் கூடிய கூட்டம் ஒரு கருப்புப் பெண்ணை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி முடிவெடுக்கப் போகிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது லாத்தா டீயைத் தட்டால் மூடினார். நான் அவர் அபாயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் லாத்தா. இது அந்த மாதிரி இல்ல." கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அல்மாஸ் பின் தெருவில் தன் ஊர்ப் பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. பிள்ளைகளின் அம்மாமார்கள் கூப்பிடுகிறார்கள் என்று லாத்தா சொன்னதும் ஏதோ விசேஷம் என்று நினைத்திருக்கிறாள். கரை போட்ட வெள்ளை உடுப்பு உடுத்தி, கையில் பிள்ளைகளுக்கென்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தாள். வட்டத்தில் காலியாக இருந்த நாற்காலியில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

எல்லோரும் மாற்றி மாற்றிப் புகழ ஆரம்பித்தார்கள். குட் வொர்க், வெரி குட், குழந்தைகளுக்கு ரொம்பப் பிரியம். சுபா கூடத் தலையாட்டினாள். அல்மாஸின் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. எனக்குத் தாங்கவில்லை.

லாத்தாவுக்கும் தாங்கவில்லை. இந்தியும் அரபியுமாகப் போட்டு உடைத்துவிட்டார். "உன்ன வேலையில இருந்து எடுக்கணும்ங்கிறாக. எதுக்குன்னு ஒன் மூஞ்சிக்கு நேராச் சொல்லட்டும். சொல்லுங்கம்மா."

அல்மாஸ் வட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் கோபித்துக்கொண்டது எங்களிடம் இல்லை. லாத்தாவைப் பார்த்து அதே அரைகுறை இந்தியில் கேட்டாள். "இதை என் ரூம்லயே சொல்லியிருக்கலாமே மேடம். அங்கேயே அழுதிருப்பேன். இங்கே எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

பிஸ்கட் பாக்கெட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாடிப்படியில் லாத்தாவைப் பிடித்துக்கொண்டேன். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "உங்களுக்கு நியாயம் வேணும், அதுக்கு அவ மானம் போகணுமா? நல்ல டிரஸ் போட்டுட்டு வந்தா லாத்தா! உங்க பழக்கத்துக்கு அவதான் ஆளா?"

லாத்தா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவ இல்லாமலே பேசி முடிச்சு அனுப்பியிருந்தா மானத்தோட போயிருப்பாளா? நீயே சொல்லு."

அது நியாயமாகப் பட்டதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. சில மனிதர்கள் தப்பு செய்தாலும் முழுசாகத் திட்ட விட மாட்டார்கள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மற்றவர்கள் லாத்தாவைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். திமிர் பிடித்தவர், கூட்டத்தைக் கெடுத்தவர், தன்னைப் பெரிய நீதிபதி என்று நினைக்கிறவர். லாத்தா வந்தால் பேச்சு நின்றுவிடும். சிலர் பாயின் கடையில் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதற்கு நடுவில், புது ஹெல்ப்பர் வரப் போகிறார், கேரளத்துப் பெண்ணாம் என்று கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அல்மாஸின் பேரைக் கூட யாரும் போடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு யாரும் எதிர்பார்க்காமல் லாத்தா வந்து உட்கார்ந்தார். "வேன்காரருக்குப் போன் பண்ணினது யாரு?" என்று கேட்டார்.

சுபா பிள்ளை மேல் சத்தியம் செய்தாள். மற்றவர்களும் நாங்கள் இல்லை என்றார்கள். எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

"அப்ப அவரையே கேப்போம்" என்று லாத்தா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் நாற்காலியில் வைத்தார்.

வேன்காரர் நாகர்கோவில் பக்கம். "நீங்களே இப்படிக் கேட்டா நான் என்ன செய்ய லாத்தா?" என்றார். "உங்க வீட்டு பாய்தானே போன் பண்ணினாரு? ஆள மாத்திருங்க, பிரச்சினை வேண்டாம்னு சொன்னாரே. இன்னும் பேப்பர் குடுக்கல. நாளைக்குத்தான் கஃபீலப் பாக்கப் போறேன்."

லாத்தா டீ டம்ளர் மேல் தட்டைக் கவிழ்த்தார். அது சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடியும் கவிழ்த்தார். "இரிங்க" என்றார். மீதியைச் சொல்லாமல் போனார்.

பாய் கழுத்து டேப்போடு அப்படியே கடையிலிருந்து வந்தார். காலியாக இருந்தது அல்மாஸ் உட்கார்ந்த நாற்காலிதான். அதில் உட்கார்ந்தார். லாத்தா எதிரில் நின்றார்.

"நீங்களா சொன்னீக?"

"நாந்தான்."

"எதுக்கு?"

பாய் டேப்பைச் சுருட்டிக்கொண்டே பேசினார். "கடைக்கு வர்ற பொம்பளைக எல்லாம் ஒன்னப் பத்தித்தான் பேசுறாக. ஒவ்வொரு பேச்சும் கேக்க முடியல. அந்தப் புள்ள போயிருச்சுன்னா பேச்சும் போயிரும்னு நெனச்சேன்." எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். "பேசினவுக பூராப் பேரையும் ஒன்னய மாதிரி கூட்டியாந்து ஒன் முன்னாடி உக்கார வைக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான்."

எல்லோர் கண்ணும் சமோசாத் தட்டில் இருந்தது.

"எம் மேல உள்ள பேச்சு எம்மேல இருந்துட்டுப் போகுது" என்றார் லாத்தா. "அதுக்கு அவ எதுக்கு ஊருக்குப் போவணும்?"

பாய் குனிந்து, லாத்தாவின் நாற்காலியில் இன்னும் லைனிலேயே இருந்த போனிடம், "நான் சொன்னத விட்ருங்க. அந்தப் புள்ள இருக்கட்டும்" என்றார். நீங்கள் ஒருவர் சொன்னால் போதாது, பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் சொல்லட்டும் என்றார் வேன்காரர். நியாயம்தான். "என் பையன் அல்மாஸ் இருக்கற வேன்லதான் வருவான்" என்று நான் சொன்னேன். குமரேசன் சார் எழுந்து நின்று, "என் பொண்ணும்தானுங்க" என்றார். மேல் வீட்டு டீச்சர் சொன்னார். இன்னும் சிலர் முணுமுணுத்தார்கள். என்ன ஏது என்று தெரியாமலே ஹாரிஸும் சமோசாக் கையைத் தூக்கினார். சுபா கடைசி வரை சொல்லவில்லை. பையனை வேறு வேனில் மாற்றிவிட்டாள். அந்த வேனில் உள்ளூர்ப் பாட்டி மாதிரி ஒரு தமிழ் அம்மா இருந்தார். அங்கேயும் அவன் அதே மாதிரி அழுததாகக் கேள்வி.

அல்மாஸ் வேலையில் இருந்தாள். ஆனால் லாத்தாவை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காலையில் எல்லோருக்கும் குட் மார்னிங் உண்டு, என் பையனுக்குத் தலையில் ஒரு தட்டு உண்டு. கேட்டருகில் காரணமே இல்லாமல் வந்து நின்றுகொண்டிருக்கும் லாத்தாவைத் தாண்டி, வேன் கதவை இழுத்து மூடிவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு லாத்தா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "தொணைக்கு வா" என்றார். பின் தெருவில் அந்தப் பழைய கட்டடத்தில் படியேறினோம். கடைசித் திருப்பத்தில் திடீரென்று என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ இங்கனயே நில்லு. நான் மட்டும் போறேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

அவர் பாட்டுக்கு மேலே போனார். நான் படியில் நின்றபடி கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டினார். சங்கிலி போட்டபடியே கதவு கொஞ்சம் திறந்தது. அல்மாஸ் லாத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"யாரும் இல்ல. தனியாத்தான் வந்தேன்."

நான் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிறகு சங்கிலியை எடுக்கிற சத்தம் கேட்டது.

வெகு நேரம் கழித்து லாத்தா வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தது. அவர் மேல் காபி வறுத்த வாசனை அடித்தது. அரை டம்ளரோடு எழுந்து வருகிற ஆள், அங்கே எத்தனை கோப்பை குடித்தாரோ. படியிறங்கும்போது கேட்டேன், தெருவில் கேட்டேன், லிஃப்டில் கேட்டேன். "என்னதான் சொன்னா லாத்தா? மன்னிச்சாளா இல்லையா?"

லாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவ இங்க இல்லையேம்மா. அவ இல்லாம எப்புடிச் சொல்றது?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அவர் ஊரோடு போய்விட்ட இத்தனை காலத்துக்கு அப்புறமும் அது எனக்குத் தெரியாது.